வீட்டுக்கு வெல்டிங் மெஷின் வாங்க முன்னர்: 250 அம்பியர் ஸ்டிக்கரை நம்பலாமா?



கொஞ்சக் காலமாக எமது ஊர்த் தம்பிமார் மத்தியில் ஒரு நல்ல ஆசை வந்திருக்கின்றது. ஒரு கையால் தூக்கிச் செல்லக்கூடிய சின்ன வெல்டிங் மெஷின்கள் ஹார்ட்வெயார் கடைகளிலும் ஒன்லைனிலும் வந்துவிட்டன. கோழிக்கூடு, பூச்சட்டி ஸ்டேண்ட், கேற்றில் கழன்ற கொண்டி, உம்மாவின் குசினிக்கு ஒரு இறாக்கை என்று நாமே செய்து பார்ப்போமே என்று நினைக்கின்றார்கள். தொழினுட்பப் பாடம் படிப்பிக்கும் எம்மைப் போன்றவர்களிடம் வந்து கேட்கும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "சேர், எத்தனை அம்பியர் மெஷின் எடுக்கலாம்? 200ஆ, 250ஆ?"

எமது பதில் சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். அம்பியரைக் கடைசியாகக் கேளுங்கள். கையிலுள்ள சல்லியை முதலில் முகக்கவசத்துக்கும் கையுறைக்கும் ஒதுக்குங்கள். அடுத்தது வீட்டு வயரிங். மூன்றாவது சரியான ரொட். மிஞ்சும் சல்லிக்கு எந்த மெஷின் வருகின்றதோ அதை வாங்குங்கள். எமது ஊரில் நடப்பது நேர் தலைகீழ். இருக்கும் சல்லியெல்லாம் பெரிய இலக்கம் போட்ட மெஷினுக்குப் போகின்றது. ரொட் கடைக்காரர் எண்ணித் தருவது. வயரிங் பழையது. கண்ணுக்கு ஒரு கூலிங் கிளாஸ்.

இதனால் நட்டப்படுவது சல்லி மட்டுமென்றால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டோம். கண்ணும் வீடும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

அதற்கு முன் ஒரு விடயம். "படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இந்த இரும்பு வேலை" என்று கேட்கும் பெற்றோரோடு நாம் உடன்படவில்லை. தாவூத் நபி (அலை) அவர்கள் இரும்பில் கவசம் செய்து தம் கை உழைப்பில் உண்டவர்கள் என்று மத்ரஸாவில் நாம் எல்லோரும் படித்திருக்கின்றோம். அல்குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்துக்குப் பெயரே அல் ஹதீத், இரும்பு. பின்னேரம் முழுக்க போனைப் பார்த்துக் கொண்டிருக்கும் பிள்ளை இரண்டு இரும்புத் துண்டுகளைச் சதுரமாக இணைக்கப் பழகுவது, எமது பார்வையில், ஒரு டியூஷன் வகுப்புக்குக் குறைந்த விடயமல்ல. அளக்க வேண்டும், வெட்ட வேண்டும், பொறுமையாக இருக்க வேண்டும், பிழைத்தால் அரைத்துவிட்டுத் திரும்பச் செய்ய வேண்டும். ஆகவே வாங்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எப்படி வாங்குவது என்றுதான் கதைக்கின்றோம்.

*ஸ்டிக்கரும் கணக்கும்*

மெஷின் கடைசி என்று சொன்னாலும் எல்லோரும் கேட்பது அதைத்தான். அங்கிருந்தே தொடங்குவோம்.

கையில் ஒரு கல்குலேட்டரை எடுங்கள். 250 அம்பியரில் ரொட் எரியும்போது வெல்டிங் வெளிச்சத்துக்குக் குறுக்கே 30 வோல்ட் இருக்கும் என்பது மெஷின்களைச் சோதிப்பதற்கென்று வைத்திருக்கும் கணக்கு. 250ஐ 30ஆல் பெருக்கினால் 7,500 வாட். எமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 7,500ஐ 230ஆல் வகுத்தால் 32 அம்பியருக்கு மேல் வருகின்றது. மெஷினுக்குள் சூடாகி வீணாகும் சக்தியை இதில் சேர்க்கவே இல்லை.

எமது வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு வந்திருப்பது 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு. மெஷினை நாம் சொருகும் சதுரக் கால் பிளக் 13 அம்பியருக்கு உரியது. அப்படியானால் 13 அம்பியர் பிளக்கில் சொருகிய மெஷின் 250 அம்பியர் எப்படிக் கொடுக்கும்? கொடுக்காது. சுவரிலிருந்து வராத சக்தி ரொட்டின் நுனியில் வராது. மேலே ஒட்டியிருக்கும் பெரிய இலக்கம் பல மலிவு மெஷின்களில் விற்பதற்காக எழுதிய இலக்கம்தான்.

உண்மையை அறிய மெஷினின் பின்புறம் அல்லது அடிப்புறத்தில் உள்ள சின்னத் தகட்டைப் பாருங்கள். மூன்று விடயங்கள் அதில் இருக்க வேண்டும். ஒன்று, சுவரிலிருந்து உச்ச அளவில் எத்தனை அம்பியர் எடுக்கும் என்பது. இரண்டாவது, வெளியே எத்தனை அம்பியரிலிருந்து எத்தனை வரை கொடுக்கும் என்பது. மூன்றாவது, எக்ஸ் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு வீதம். அந்த வீதத்தைத்தான் டியூட்டி சைக்கிள் என்கின்றார்கள். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து வெல்டிங் செய்யலாம் என்பதே அதன் பொருள். 120 அம்பியருக்கு 20 வீதம் என்றிருந்தால் அந்த அளவில் இரண்டு நிமிடம் வேலை, எட்டு நிமிடம் ஓய்வு. தகடே இல்லாத மெஷினை, அல்லது தகட்டில் ஓர் இலக்கமும் பெட்டியில் வேறோர் இலக்கமும் உள்ள மெஷினை வாங்காதீர்கள்.

20 வீதம் என்றதும் சிலர் பயப்படுகின்றார்கள். வீட்டு வேலைக்குப் பயப்படத் தேவையில்லை. அம்பியரைக் குறைத்தால் அந்த வீதம் வேகமாகக் கூடும். 120 அம்பியரில் 20 வீதம் கொடுக்கும் மெஷின் 80 அம்பியரில் ஏறக்குறைய 45 வீதம் கொடுக்கும். 2.5 மில்லிமீற்றர் ரொட் ஒன்று எரிந்து முடிய ஒரு நிமிடமளவு எடுக்கும். பிறகு கசட்டைத் தட்ட வேண்டும், பிரஷ் போட வேண்டும், பார்க்க வேண்டும், அடுத்த துண்டைப் பிடித்து வைக்க வேண்டும். பழகுபவர் எப்படியும் வெல்டிங் செய்யும் நேரத்தை விடச் சும்மா நிற்கும் நேரம் கூடுதல்.

ஆகவே எமது கருத்து இதுதான். வீட்டுக்கு உண்மையான 120 முதல் 140 அம்பியர் கொடுக்கும் ஒரு இன்வேர்ட்டர் மெஷின் போதும். அதற்கு மேல் வாங்கினாலும் எமது பிளக் அதைத் தாங்காது. பெரிய இலக்கத்துக்குக் கொடுக்கும் மேலதிகச் சல்லியில் நல்ல ஹோல்டரும், மெல்லிய அலுமினியம் அல்லாத செப்புக் கேபிளும், இறுகப் பிடிக்கும் ஒரு ஏர்த் கிளாம்பும் வாங்கலாம். மலிவுப் பெட்டியோடு வரும் கிளாம்ப் பெரும்பாலும் தகரம் போல இருக்கும். ரொட் சரியாகப் பற்றவில்லை என்று மெஷினைத் திட்டும் பலருக்கு உண்மையில் பிழை அந்தக் கிளாம்பில்தான்.

பழைய டிரான்ஸ்போமர் மெஷின் பற்றியும் கேட்கின்றார்கள். ஊரில் சுற்றிச் செய்த அந்தப் பாரமான பெட்டிகளில் எமது வெல்டிங் பாஸ்மார் வருடக் கணக்காக உழைத்திருக்கின்றார்கள். தூசியையும் அடியையும் தாங்கும். பழுதானால் ஊரிலேயே திருத்தலாம். இன்வேர்ட்டரின் சேர்க்கிட் போர்ட் போனால் பல நேரம் மெஷினே போய்விடும். இதை மறுக்க முடியாது. ஆனால் டிரான்ஸ்போமர் மெஷின் சுவரிலிருந்து கூடுதலாக இழுக்கும். அதைப் போட்டதும் பக்கத்து வீட்டு லைட்டும் மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அதில் வருவது ஏ.சீ. மட்டும். புதிதாகப் பழகுபவருக்கு டீ.சீ. கொடுக்கும் இன்வேர்ட்டரில் ரொட்டைப் பற்ற வைப்பதும் பிடித்துக் கொண்டு போவதும் இலகு. வீட்டுக்கு இன்வேர்ட்டர், வேர்க்ஷொப்புக்கு எது வேண்டும் என்பதைப் பாஸ்மாரே தீர்மானிக்கட்டும்.

*சுவருக்குள் இருக்கும் வயர்*

2.5 மில்லிமீற்றர் ரொட்டை 80 அம்பியரில் எரிக்க, மெஷினின் தரத்தைப் பொறுத்து, சுவரிலிருந்து 10 முதல் 14 அம்பியர் வரை போகும். 3.2 மில்லிமீற்றர் ரொட்டை 110 அம்பியரில் எரித்தால் 15இலிருந்து 20 வரை போகும். 13 அம்பியர் பிளக் எங்கே தன் எல்லையைத் தாண்டுகின்றது என்று இதிலேயே விளங்கும்.

பல வீடுகளில் நாம் காண்பது என்ன? பேனுக்கும் போன் சார்ஜருக்கும் வாங்கிய மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர். அதைச் சுருளாகவே வைத்துக் கொண்டு மெஷினைச் சொருகுகின்றார்கள். சுருளில் இருக்கும் வயரின் சூடு வெளியேற வழியில்லை. உறை இளகி உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று தொட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எக்ஸ்டென்ஷன் தேவையென்றால் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில், நீளத்தைக் குறைத்து, முழுவதும் விரித்துப் பாவியுங்கள். வேலை செய்யும்போது இடைக்கிடை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்துங்கள்.

அடிக்கடி செய்வதென்றால் மெயின் போர்டிலிருந்து தனி பிரேக்கரோடு ஒரு தனி லைன் இழுத்துக் கொள்வதே சரி. அதை அனுமதிப்பத்திரமுள்ள மின்னிணைப்பாளர் ஒருவரைக் கொண்டு செய்யுங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுகின்றது என்று அதைத் தாண்டி நேரடியாக வயர் கொடுத்து ஓட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கின்றது. ட்ரிப் சுவிட்ச் விழுவது உங்கள் உயிருக்காக. அதைத் தாண்டுவது தற்கொலைக்குச் சமம்.

எமது கரையோர ஊர்களுக்கு இன்னொன்றும் இருக்கின்றது. நவம்பரிலிருந்து ஜனவரி வரை மாரியில் முற்றம் முழுக்க ஈரம். ரொட் எரியாமல் ஹோல்டரில் சும்மா இருக்கும்போது அதன் நுனியில் 60 முதல் 90 வோல்ட் இருக்கலாம். காய்ந்த நிலத்தில் சப்பாத்தோடு நிற்பவருக்கு அது பெரிதாகத் தெரியாது. ஈர மண்ணில், ஈரக் கையுறையோடு, செருப்பில் நிற்பவருக்கு அது வேறு கதை. மழை நாளில் வேலையை ஒத்தி வையுங்கள். கோழிக்கூடு ஒரு கிழமை காத்திருக்கும்.

*ரொட்*

கடையில் போய் "வெல்டிங் ரொட் தாங்க" என்று கேட்டால் கையில் கிடைப்பதைத் தருவார்கள். இலக்கம் சொல்லிக் கேளுங்கள்: 6013.

இந்த நான்கு இலக்கத்துக்கும் பொருள் இருக்கின்றது. முதல் இரண்டும் ஒட்டின் பலம். 60 என்றால் சதுர அங்குலத்துக்குக் குறைந்தது 60,000 இறாத்தல் இழுவையைத் தாங்கும் உலோகம். மூன்றாவது இலக்கம் 1 என்றால் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் தலைக்கு மேலும், எல்லா நிலையிலும் பாவிக்கலாம். கடைசி இலக்கம் மேற்பூச்சின் வகையையும் எந்த மின்னோட்டத்தில் எரியும் என்பதையும் சொல்கின்றது. 6013 ஏ.சீ.யிலும் எரியும், டீ.சீ.யில் எந்தப் பக்கம் மாற்றிப் போட்டாலும் எரியும். இலகுவாகப் பற்றும், தெறிப்புக் குறைவு, கசடு நன்றாகக் கழன்று வரும். கேற், கிரில், மேசைக் கால் எல்லாவற்றுக்கும் எமது பாஸ்மார் பாவிப்பதும் இதைத்தான்.

யூடியூப் பார்த்துவிட்டு "7018தான் பலம், அதை வாங்குவோம்" என்று சொல்லும் தம்பிமார் இருக்கின்றார்கள். 7018 நல்ல ரொட். பாலம், பாரமான சட்டகம், தடித்த தகடு போன்ற வேலைகளுக்கானது. ஆனால் அதன் பூச்சு ஈரத்தை இழுத்துவிட்டால் அதன் நன்மையே போய்விடும். ஈரத்திலிருந்து வரும் ஐதரசன் தடித்த உருக்கில் பிறகு வெடிப்பை உண்டாக்கும். அதனால்தான் பெரிய வேலைத்தளங்களில் பக்கெட் திறந்த பிறகு 120 பாகை செல்சியஸ் அளவிலுள்ள சூட்டுப் பெட்டியில் அதை வைத்திருக்கின்றார்கள். உப்புக் காற்று வீசும் ஊரில், அந்தப் பெட்டி இல்லாமல், ஒன்றரை மில்லிமீற்றர் பொக்ஸ் பாருக்கு 7018 பாவிப்பதில் ஒரு லாபமும் இல்லை. ஒருமுறை நிறுத்தினால் திரும்பப் பற்ற வைப்பதும் புதியவருக்குக் கஷ்டம். 6010 என்பதும் வீட்டு மெஷினுக்கு ஒத்துவராது. அது பைப்லைன் வேலைக்காரரின் ரொட். பல சின்ன இன்வேர்ட்டர்களில் எரிந்துகொண்டே நிற்காமல் அணைந்துவிடும்.

70 என்பது 60ஐ விடப் பெரிது, அதனால் ஒட்டும் பலம் என்று நினைப்பதும் பிழை. ஒட்டு உடைவது பெரும்பாலும் ரொட்டின் பலம் போதாமல் அல்ல. இரும்பு உருகாமல் மேலே மட்டும் உலோகம் படிந்து நிற்பதால்தான் உடைகின்றது. பார்க்க அழகாக இருக்கும், சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கழன்று வரும்.

அடுத்தது தடிப்பு. ரொட் எமது இரும்பை விட அதிகம் தடிப்பாக இருக்கக் கூடாது என்பது மனதில் வைக்க இலகுவான விதி. பூச்சை விட்டு உள்ளே இருக்கும் கம்பியின் தடிப்பையே இங்கு சொல்கின்றோம்.

2 மில்லிமீற்றர் ரொட்: 40 முதல் 65 அம்பியர். மெல்லிய பொக்ஸ் பாருக்கு.

2.5 மில்லிமீற்றர் ரொட்: 60 முதல் 90 அம்பியர். வீட்டு வேலையில் பெரும்பகுதி இதில் முடியும்.

3.2 மில்லிமீற்றர் ரொட்: 90 முதல் 130 அம்பியர். ஐந்து மில்லிமீற்றர் அளவான ஆங்கிள் அயனுக்கு. தனி லைன் இல்லாத வீட்டுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டோம்.

சரியான எல்லை பக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். நடுவில் வைத்துத் தொடங்கி மாற்றிப் பாருங்கள். ரொட் ஒட்டிக் கொண்டே இருந்தால் அம்பியர் குறைவு. இரும்பில் ஓட்டை விழுந்தால் அம்பியர் கூட, அல்லது கை மெதுவாகப் போகின்றது. மெல்லிய இரும்பில் ஓட்டை விழுந்துகொண்டே இருந்தால் ஹோல்டரை மைனஸ் பக்கம் மாற்றிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். சரியாக எரியும்போது சட்டியில் முறுக்குப் பொரிவது போல ஒரு சீரான சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் காது பழகிவிட்டால் பாதி வேலை படித்துவிட்டீர்கள்.

உதிரியாக ஐந்து, பத்து ரொட் வாங்குவதை விடுங்கள். கடையில் திறந்த பக்கெட்டில் எத்தனை மாதம் கிடந்தது என்று எவருக்கும் தெரியாது. மூடிய 2.5 கிலோ பக்கெட் ஒன்றை வாங்கினால் 2.5 மில்லிமீற்றர் ரொட் நூறுக்கு மேல் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, உயரமான இடத்தில் வையுங்கள். பூச்சு உதிர்ந்தது, கம்பியில் கறள் பிடித்தது, எரியும்போது நீராவி போல் புகைந்து வெடித்து வெடித்து எரிவது எல்லாம் ஈரத்தின் அடையாளம். ஈரம் பிடித்த 6013ஐ 100 பாகை அளவில் ஒரு மணித்தியாலம் உலர்த்திப் பாவிக்கலாம். குசினி அவணில் உணவோடு வைக்காதீர்கள். பூச்சு உதிர்ந்ததை எறிந்துவிடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு 6013 பாவிக்காதீர்கள். ஒட்டும், ஆனால் அந்த இடத்தில் கறள் பிடிக்கும். அதற்கென்று 308 என்ற இலக்கத்தில் ரொட் இருக்கின்றது. ஸ்டெயின்லெஸையும் சாதாரண இரும்பையும் சேர்க்க 309. அலுமினியத்தை வீட்டு மெஷினில் முயற்சிக்க வேண்டாம்.

முதல் பக்கெட் முழுவதையும் பழகுவதற்கென்றே ஒதுக்குங்கள். பழைய இரும்புக் கடையில் நிறையாக வாங்கும் துண்டுகள் போதும். கறளையும் பெயின்டையும் அரைத்து வெள்ளை இரும்பு தெரியும் வரை சுத்தம் செய்துவிட்டு வரி வரியாகப் போட்டுப் பாருங்கள். பிறகு இரண்டு துண்டுகளை ஒட்டி, வைஸில் இறுக்கி, சுத்தியலால் அடித்து உடையுங்கள். உடைந்த இடத்தில் உள்ளே கசடு கறுப்பாக இருந்தால் இன்னும் பழக வேண்டும். இரும்பு வளைந்து ஒட்டு நின்றால் கோழிக்கூட்டைத் தொடங்கலாம்.

*கண்*

இப்போது முதலாவதாகச் சொன்ன விடயத்துக்கு வருகின்றோம்.

வெல்டிங் வெளிச்சத்தில் நாம் காண்பதை விடக் காணாததே ஆபத்தானது. அதிலுள்ள புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். அந்த நேரம் ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து, பெரும்பாலும் நடு இரவில், கண்ணுக்குள் மணலைப் போட்டுத் தேய்த்தது போல் எரியும். நீர் வழியும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது. ஓரிரு நாளில் பலருக்குச் சுகமாகிவிடும். அதனாலேயே இதைச் சின்ன விடயமாக எடுக்கின்றோம். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு சீவி வைப்பது என்று கை வைத்தியமும் சொல்வார்கள். கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள். கசக்காதீர்கள். வைத்தியசாலைக்குப் போங்கள். திரும்பத் திரும்ப அடிபடும் கண் எப்போதும் முன்போல் திரும்பி வரும் என்று எவரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். கண் அல்லாஹ் தந்த அமானிதம்.

கூலிங் கிளாஸ் எந்த வகையிலும் போதாது. வீட்டு வேலைக்கு இலக்கம் 10 கறுப்புக் கண்ணாடி வேண்டும். மெஷினோடு இலவசமாக வரும் கைப்பிடித் தட்டு ஒரு கையைப் பிடித்துக் கொள்ளும். புதியவருக்கு இரண்டு கையும் தேவை. ஒரு கை பிடிக்க, மற்றக் கை தாங்க. ஆகவே தலையில் மாட்டும் கவசம் வாங்குங்கள். தானாகக் கறுக்கும் கவசம் இன்னும் நல்லது. எங்கே தொடங்குகின்றோம் என்று பார்த்துத் தொடங்கலாம். தொடங்கும் அந்தக் கணத்தில்தான் புதியவர்கள் கவசத்தைத் தூக்கிப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக் கொள்கின்றார்கள்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெல்டிங் செய்வதை விட்டுவிடுவோம். முழுக்கைப் பருத்திச் சட்டை, டெனிம் களிசான், மூடிய சப்பாத்து, தோல் கையுறை. பொலியெஸ்டர் உடுப்பில் தீப்பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கசடு தட்டும்போது கவசம் மேலே போயிருக்கும். அப்போது சாதாரண வெள்ளைக் கண்ணாடி ஒன்று உள்ளே போட்டிருக்க வேண்டும்.

நாம் மட்டும் கவசம் போட்டால் போதாது. ஒழுங்கையோரம் வேலை நடக்கும்போது சுற்றி நின்று பார்ப்பது சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு அது வாண வேடிக்கை. இரண்டு தகரத்தை நிறுத்தி மறைத்துவிட்டுத் தொடங்குவது அயலவருக்குச் செய்யும் கடமை.

ஜீ.ஐ. குழாய் எமது ஊரில் எங்கும் இருக்கின்றது. அதன் நாகப் பூச்சு எரியும்போது வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தால் அன்றிரவு குளிரும் காய்ச்சலும் வரும். ஒட்டும் இடத்தில் பூச்சை அரைத்து எடுத்துவிட்டு, திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கமாகவோ பக்கவாட்டிலோ வரும்படி நின்று செய்யுங்கள். பெற்றோல் டாங்கி, எண்ணெய் இருந்த பரல், கேஸ் சிலிண்டர் இவற்றைத் தொடவே வேண்டாம். கழுவிய பரல்தானே என்று வெட்டப் போய் உயிர் போன கதைகள் உலகம் முழுக்க உண்டு.

*எதைச் செய்யக் கூடாது*

பொழுதுபோக்காகப் பழகுபவர் எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது என்பதற்கு நாம் ஒரு கேள்வி வைத்திருக்கின்றோம். இது கழன்றால் யாருக்கு என்ன ஆகும்? பூச்சட்டி விழுந்தால் சட்டி உடையும், பரவாயில்லை. மோட்டார் சைக்கிள் சட்டகம், ஓட்டோவின் அடிச்சட்டம், பாலர் பாடசாலை ஊஞ்சல், மாடிப்படிக் கைப்பிடி, தண்ணீர் டாங்கி நிற்கும் கோபுரம் என்றால் அது வேறு. நோன்பு காலத்தில் பள்ளிவாசலில் கஞ்சிக் கிடாரம் வைக்கும் இரும்பு ஸ்டேண்டையும் இதில் சேர்க்கின்றோம். "நம்மட பொடியன் சும்மா செய்து தருவான்" என்று நிர்வாகம் மகிழலாம். கொதிக்கும் கஞ்சிக்குக் கீழே நிற்பவரை நினைத்துப் பாருங்கள். நன்மை செய்யும் எண்ணம் ஒட்டை இறுக்கமாக்காது. அதைத் தொழில் தெரிந்தவரிடம் கூலி கொடுத்துச் செய்யுங்கள்.

கூலி என்றதும் இன்னொன்று. எமது ஊரில் கட்டாரிலும் சவூதியிலும் வெல்டராக வேலை செய்து திரும்பிய காக்காமார் இருக்கின்றார்கள். அவர்களின் கைத்திறனுக்கு நாம் பெரிதாக மதிப்புக் கொடுப்பதில்லை. சின்ன மெஷின் வாங்கி மூன்று மாதத்தில் அரை விலைக்குக் கேற் செய்து கொடுக்கத் தொடங்கும் தம்பி அவர்களின் வயிற்றில் அடிப்பதோடு, வாங்கியவரின் வீட்டில் கழன்று விழும் கேற் ஒன்றையும் விட்டுச் செல்கின்றார். பழக ஆசையென்றால் அந்தக் காக்காவின் வேர்க்ஷொப்பில் விடுமுறையில் இரண்டு கிழமை உதவியாளாக நில்லுங்கள். நூறு வீடியோ சொல்லாததை உங்கள் மணிக்கட்டைப் பிடித்து அவர் காட்டித் தருவார்.

தொழிலாகவே எடுக்க விரும்பும் தம்பிமாருக்குத் தொழிற்பயிற்சி அதிகாரசபையிலும் நைட்டாவிலும் தொழில்நுட்பக் கல்லூரிகளிலும் வெல்டிங் பயிற்சியும் என்.வி.கியூ. சான்றிதழும் இருக்கின்றன. வருடக் கணக்காக வேலை செய்தும் கையில் ஒரு கடதாசியும் இல்லாத பாஸ்மாருக்கும் இதில் வழி உண்டு. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையையும் திறமையையும் மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முறை இருக்கின்றது. வெளிநாடு போக நினைப்பவர்கள் இதை விசாரியுங்கள்.

கடைசியாக ஒரு யோசனை. ஒரே ஒழுங்கையில் நான்கு தம்பிமார் நான்கு மலிவு மெஷின் வாங்குவதை விட, நால்வரும் சேர்ந்து தகடு சரியாக உள்ள ஒரு மெஷின், நல்ல கவசம் இரண்டு, ஒரு கிரைண்டர், ஒரு வைஸ் வாங்கலாம். தனி லைன் உள்ள ஒரு வீட்டில் வைக்கலாம். ஒருவர் ஒட்ட, மற்றவர் கவசத்தோடு பக்கத்தில் நின்று பார்க்கலாம். சல்லியும் மிஞ்சும், தனியே நின்று வேலை செய்யும் ஆபத்தும் குறையும். விளையாட்டுக் கழகத்துக்குப் பந்து வாங்கச் சல்லி சேர்க்கத் தெரிந்த எமக்கு இது பெரிய வேலையல்ல.

வாங்கப் போகும் தம்பிமார் இதைப் படித்துவிட்டு முதலில் வீட்டுப் பிளக்கையும் வயரையும் பாருங்கள். பிறகு கவசத்தின் விலையைக் கேளுங்கள். ஊர் வெல்டிங் பாஸ்மார் இதில் சேர்க்க வேண்டியதை எழுதுங்கள், எமது பிள்ளைகளுக்குப் பயன்படும்.

அல்லாஹ் எமது கைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக.